நிறம் யாருடையது?

மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் அரக்குப் பட்டைப் பச்சையாக்கித் தரச் சொல்வார்கள். போட்டோஷாப்பில் சிவப்பை மட்டும் பிடித்து ஹியூ எனும் நிறச் சாயலை 120 பாகை நகர்த்தினால், சேலையோடு குங்குமமும் உதடும் பச்சையாகிவிடும். அந்தக் கருவிக்குச் சேலையும் தெரியாது, நெற்றியும் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள், அவ்வளவுதான். மாஸ்க் போட்டு முகத்தைக் காப்பது என் வேலை.

வைசேஷிகம் என்னும் பழைய இந்தியத் தத்துவ மரபினர் நிறத்தைக் குணம் என்றார்கள். பொருளை விட்டு அது தனியே நிற்காது. இதை நான் நம்புகிறேன். பட்டின் நிறம் பட்டுக்கு உரியது. வேறு நிறம் கட்டியிருந்தாலும் மணப்பெண் அவள்தான், அதனால் மாற்றித் தருகிறேன். மேனியின் கருப்போ அவளோடு பிறந்தது. பெற்றவர்களே, அதை வெளுக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.