தவறிய விலையும் தவறாத வாக்கும்

பொன்னைப் பித்தளையென எண்ணி ஒருவன் விற்க முற்படுகிறான். வாங்குபவனோ அது பொன்னென அறிவான். உண்மையை அவன் உரைத்தல் வேண்டுமா, அன்றி ஆயிரம் நாணயம் பெறுமதியானதை ஒரு நாணயத்துக்குப் பெற்றுச் செல்லலாமா? உரோம அறிஞர் சிசரோ கடமைகள் பற்றிய தமது நூலிலே எழுப்பிய இவ்வினா இன்று விமானச் சீட்டு விற்பனையில் மீண்டும் எழுந்துள்ளது.

2015 பெப்ரவரியில் யுனைரெட் எயர்லைன்ஸின் டென்மார்க் இணையத்தளத்தில் நாணயமாற்றுக் கணக்குப் பிழைத்தது. இலண்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் முதல் வகுப்புச் சீட்டுகள் மிகச் சொற்ப விலைக்குக் கிடைத்தன. டென்மார்க்கைக் கண்டிராத பலரும் அந்நாட்டையே தம் நாடெனப் பதிந்து வாங்கினர். கம்பனி சீட்டுகளை இரத்துச் செய்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் அதனைத் தடுக்கவில்லை. பணம் செலுத்தப்பட்டபின் விலையை உயர்த்தலாகாது என்ற விதி அங்கு முன்னரே இருந்தது. எனினும், விலை பிழையானதென நிறுவி, கட்டணத்தையும் சீட்டை நம்பிப் பயணி செய்த நியாயமான செலவுகளையும் மீளளிக்கும் கம்பனிமீது அவ்விதியைப் பிரயோகிப்பதில்லை என அவ்வாண்டு மே மாதத்தில் அத்திணைக்களம் அறிவித்தது. மாறாக, 2019 புத்தாண்டில் வியட்நாமிலிருந்து வட அமெரிக்காவுக்கான உயர்வகுப்பு ஆசனங்களைப் பிழையாக மலிவு விலைக்கு விற்ற கதே பசிபிக் நிறுவனம், அச்சீட்டுகளை ஏற்றுக்கொண்டது. அது பெருந்தன்மை, பெருந்தன்மையைச் சட்டமாக்குதல் அரிது.

வாங்கியவன் பிழையை அறிந்திருந்தானா என்பதே இங்கு அடிப்படை வினாவாகும். 2003இல் சிங்கப்பூரில் 3,854 டொலர் பெறுமதியான அச்சுப்பொறி இணையத்தில் 66 டொலருக்குத் தோன்றியது. அறுவர் 1,606 பொறிகளுக்குக் கட்டளையிட்டனர். பிழையை அறிந்தே வாங்கினர் எனக் கண்ட நீதிமன்றம் அவ்வொப்பந்தத்தைச் செல்லாததாக்கியது. 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இத்தீர்ப்பு நேரியதே. ஆயின், அச்சுப்பொறிக்கு யாவரும் அறிந்த ஒரு விலை உண்டு. விமான ஆசனத்துக்கு அவ்வாறு ஒன்று இல்லை. அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் ஒருவர் கொடுத்ததன் மும்மடங்கை மற்றவர் கொடுத்திருத்தல் கூடும். காலையில் ஒரு விலை, மாலையில் மற்றொன்று. இடையே திடீர்ச் சலுகைகள். நியாய விலையென்ற உணர்வையே பயணியிடமிருந்து பறித்தவர்கள், “இது பிழையென நீ உணர்ந்திருக்க வேண்டாமா?” என அவனையே வினவுவது விந்தையன்றோ! சில பத்து டொலர் முதல் வகுப்பைப் பற்றி அவ்வாறு வினவலாம். பாதி விலைச் சீட்டைப் பற்றி வினவ அவர்களுக்கு உரிமையில்லை.

இன்னொன்றும் நோக்கற்பாலது. திகதியைப் பிழையாகப் பதிந்த பயணிக்குக் கம்பனிகள் காட்டும் இரக்கம் எத்தகையது? அமெரிக்க விதிப்படி, ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாகப் பதிந்தவர் 24 மணிநேரத்துக்குள் தண்டமின்றி மீளலாம். அதன்பின் தம் தவறை உணர்பவர் மலிவுச் சீட்டின் பணத்தைப் பெரும்பாலும் இழக்கிறார். விலையைப் பதிந்த ஊழியரின் விரலும் பயணியின் விரலும் ஒரே வகையிலேயே தவறுகின்றன. ஆகவே, கம்பனிக்கும் அதே 24 மணிநேரம் வழங்கப்படுதல் தகும். அதற்குள் தன் பிழையைக் காணாத கம்பனி அப்பயணியை ஏற்றிச் செல்லல் வேண்டும். டென்மார்க்கில் வாழ்வதாகப் பொய்யுரைத்தவர் மட்டும் இந்நியாயத்தைக் கோர இயலாது.