முன்னோர் பிழையும் நம் கடமையும்

நெடுங்காலத்துக்கு முன் நிகழ்ந்த பிழை, காலம் கடந்தது ஒன்றினாலேயே நன்மையாகிவிடுமா? ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளில் மேஸ்ஹவ் என்னும் தொல்கல்லறையைப் பற்றிப் படித்தபோது இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது.

ஏறத்தாழ 4,800 ஆண்டுகளுக்கு முன், உலோகக் கருவி அறியாத மக்கள் எழுப்பிய கற்கூடம் அது. காணச் செல்வோர் எவராயினும் நீண்டு தாழ்ந்த வழியில் முதுகு வளைத்தே உட்புக வேண்டும். குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் நாட்களில், மறையும் ஞாயிற்றின் கதிர் அவ்வழியே நுழைந்து பின்சுவரைத் தொடும். இறந்தோரை மறவாத ஒரு சமுதாயத்தின் பேருழைப்பு அது.

12ஆம் நூற்றாண்டில் நார்வே வழிவந்தோர் அக்கல்லறையை உடைத்து உட்புகுந்தனர். சுவர்களில் 30க்கும் மேற்பட்ட வாசகங்களை ரூனிக் எழுத்தில் பொறித்தனர். ஒருவன் தன் பெயரை எட்டாத உயரத்தில் எழுதினான். ஒருவன் மேலைக்கடற் பகுதியில் தன்னினும் வல்ல எழுத்தறிவாளன் இல்லையெனச் செருக்குற்றான். வேறொருவன் ஒரு மங்கையின் அழகைப் புகழ்ந்தான். நம் நாட்டுப் பழஞ்சுவர்களில் காணும் கிறுக்கல்களுக்கும் இவற்றுக்கும் பொருளளவில் வேறுபாடு யாது?

எனினும், 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்ட அவ்விடத்தில் அவ்வெழுத்துகள் போற்றிக் காக்கப்படுகின்றன. இன்று ஒருவர் ஒரு கீறல் இட்டாலும் அது குற்றம். "அன்று பொறித்தவன் வரலாறு படைத்தான்; இன்று பொறிப்பவன் மட்டும் குற்றவாளியா?" என்று நம் மக்கள் கேட்டால் என்ன விடை கூறுவோம்?

அலுவலகத்தில், விதிக்கு மாறாக நிகழ்ந்துவிட்ட ஒன்றை ஏற்றுக்கொள்ளும் ஆணையின் இறுதியில், "இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது" என்று ஒரு வரி எழுதுவோம். பல்லாண்டுகளாக அவ்வரியை எழுதிவரும் எனக்கு, விடை அதிலேயே கிடைத்தது. பழைய எழுத்தை அழித்தால் சுவர் முன்போல் ஆகாது. மேலும் ஒரு புண்ணே உண்டாகும். 850 ஆண்டுகளுக்கு முந்திய எளிய மனிதரின் குரலும் அதனோடு மறையும். ஆகவே காக்கிறோம். காப்பது வேறு, செயலை ஒப்புவது வேறு. அக்கூடத்தின் தொன்மையை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை, நாமோ அறிவோம். அறிந்து செய்யும் பிழைக்கு மன்னிப்புக் கோருவது எளிதன்று.

பிறந்த மண்ணைவிட்டுப் பிறர் எழுப்பிய நகரங்களில் வாழ்பவர் நாம். ஒரு சின்னம் நம் முன்னோருடையதன்று என்பதனால் நம் கடமை குறைந்துவிடாது. கட்டியோர் இன்று பேச இயலார்; பிறக்கவிருப்போர் இன்னும் பேசத் தொடங்கவில்லை. இரு சாராருக்கும் இடையே நிற்கும் நாமே அப்பொருளுக்குப் பொறுப்பாளர். குனிந்து நுழைந்து, கண்டு, கை படாமல் திரும்புவதே நாம் அங்கே செய்யத்தக்க மரியாதை.