தீராத காற்று

கடலில் முக்குளிக்க ரெகுலேட்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "மூச்சு இழுக்க லேசாக இருக்குமா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை நுரையீரல் தாங்காது. ரெகுலேட்டரின் முதல் பகுதி அதைப் பெருமளவு தணிக்கிறது. வாயில் கடித்திருக்கும் இரண்டாம் பகுதி, நாம் இழுக்கும்போது மட்டும், நிற்கும் ஆழத்துக்கேற்ற அழுத்தத்தில் விடுகிறது. 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் இதை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் எரிவாயுவால் ஓடிய கார்களுக்காகக் கான்யான் செய்திருந்த வால்வுதான் இதற்கு மூலம்.

தூத்துக்குடிக் கடலுக்கு எது பொருந்தும் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வெதுவெதுப்பான நீர்; குளிர்கடலுக்கான கருவிக்குக் கூடுதல் பணம் வேண்டாம். மணலும் கலங்கலும் உள்ளே போகாதபடி மூடிய டயாஃபிரம் வகை நல்லது. விலையைக் கேட்கும் முன் சர்வீஸ் செய்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். கரையேறியதும் நன்னீரில் அலசச் சோம்பல்படுகிறவருக்கு எந்த விலைக் கருவியும் தண்டம்.

என்னை யோசிக்க வைப்பது 'பேலன்ஸ்டு' என்று சொல்லி விற்கப்படும் வகை. மலிவான, பேலன்ஸ் இல்லாத ரெகுலேட்டரில் சிலிண்டர் காலியாக ஆக மூச்சு இழுப்பது கனக்கும். குறைதான். ஆனால் அந்தக் கனம் ஒரு தகவலும்கூட. விலை கூடியது கடைசிவரை ஒரே சீராகக் கொடுக்கும்; மீட்டரைப் பார்க்காதவருக்குக் காற்று தீரப்போவது தெரியவே தெரியாது.

உடலே இப்படித் தகவல் சொன்ன காலம் ஒன்று உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. முத்துச்சிப்பி கிடக்கும் கடலடிப் பார்களில் இறங்கியவரிடம் இருந்தவை ஒரு கல், ஒரு கயிறு, அடக்கிய ஒரு மூச்சு. ஒரு நிமிடம், சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். கயிற்றை மச்சான்தான் பிடிப்பார், தங்கையின் தாலியை நினைத்துக் கவனமாக இருப்பார் என்பார்கள். கயிற்றை அசைக்கச் சொன்னது என்னவோ கீழே இருந்தவரின் நெஞ்சு. கரியமில வாயு ஏற ஏற உடல் பொறுக்காது. மேலே போ என்று உதறும்.

பிறகு சங்குகுளிக்குக் கம்ப்ரசர் வந்தது. படகில் எஞ்சின், அதிலிருந்து இறங்கும் குழாய். எஞ்சின் ஓடும்வரை காற்று வரும், எத்தனை நேரமானாலும். அப்படி இறங்கிக் கைகால் விளங்காமல் போனவர்களும் மாண்டவர்களும் இந்தக் கரையில் உண்டு. அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் திசுக்களில் கரைந்து சேர்கிறது. நெடுநேரம் கிடந்துவிட்டு விரைந்து மேலேறினால், சோடா மூடியைத் திறந்ததுபோல் குமிழாகக் கிளம்புகிறது. காற்று கிடைக்காமல் வந்த வினை இல்லை இது. தீராமல் கிடைத்ததால் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 60 லிட்டர் செலவழிப்பார். 40 நிமிடத்தில் காலி. அதே ஆழத்தில், வழியில் நின்று நைட்ரஜனைக் கழிக்காமல் ஏறி வரும்படி தங்க, புழக்கத்திலுள்ள முக்குளிப்பு அட்டவணை தரும் நேரம் சுமார் 45 நிமிடம். அன்றைய முதல் இறக்கத்தில் சிலிண்டரின் போதாமையே முந்திக்கொண்டு ஆளைக் காப்பாற்றிவிடுகிறது. கம்ப்ரசருக்கு அந்தப் போதாமை கிடையாது.

கரியமில வாயுவை உணர உடலுக்குத் தெரியும். நைட்ரஜன் சேர்வதை உணர அதற்கு வழியே இல்லை. மூச்சு எந்த அளவுக்குச் சுகமாகிறதோ அந்த அளவுக்கு, 'போதும்' என்கிற சொல் உடலுக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். நடுத்தர விலையில் ரெகுலேட்டர் வாங்கி, மிச்சப் பணத்தை ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பொழுதுபோக்காக இறங்குகிறவருக்கு இது எளிது. கம்ப்ரசர் படகில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மணி பார்க்கவும் அதே ஆள் போதும். எடுக்கிற சங்குக்குத் தக்கதுதான் வருமானம் என்றிருக்கையில், மேலே இருப்பவர் குழாயை ஆட்டினாலும் கீழே இருப்பவர் வருவாரா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்தக் கடையிலும் கருவி இல்லை.