அறிந்த பின் விற்பது

1996ஆம் ஆண்டு, ஆசிரியப் பணியில் நான்கு ஆண்டுகளை நிறைவு செய்திருந்த வேளையில், அரசாங்க வாகனக் கடனுக்கான ஒப்புதல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மகிழுந்து விற்பனைக் கூடம் ஒன்றினுள் நுழைந்தேன். அங்கே இரண்டு மகிழுந்துகள் அருகருகே நின்றன. ஒன்று புரோட்டோன் வீரா. மற்றொன்று புரோட்டோன் சாகா ஈஸ்வரா. வீராவின் உடல் வளைந்து வழுக்கிச் செல்வது போல் இருந்தது. ஈஸ்வராவோ பெட்டியைப் போல் கோணல் கோணலாக நின்றது. ஒரே நிறுவனம், ஒரே கூரை. ஆனால் ஒன்று நேற்றையது, மற்றொன்று இன்றையது. என் கடிதத்தில் கண்ட தொகை நேற்றையதற்கே போதுமானதாக இருந்தது. ஈஸ்வராவை வாங்கினேன். அது என்னை எந்நாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை என்பதை முதற்கண் கூறிவிடுகிறேன். யான் எழுதப் புகுவது குறைப்பாட்டு அன்று.

ஈஸ்வராவின் பிறப்பைச் சற்று நினைவுகூர வேண்டும். நம் நாட்டின் முதல் மகிழுந்தாகிய சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்தது. சப்பானிய மிட்சுபிசி நிறுவனத்தின் லான்சர் வகையே அதற்கு மூலம். 1992இல் அதன் முகத்தைத் திருத்தி, ஈஸ்வரா என்னும் பெயரைச் சேர்த்தனர். மறு ஆண்டே, லான்சரின் பிந்தைய தலைமுறை ஒன்றை அடிப்படையாகக் கொண்ட வீரா வந்துவிட்டது. புதியவர் வந்தால் பழையவர் விடைபெறுவார் என்பதே நம் எதிர்பார்ப்பு. ஆனால், ஈஸ்வரா விடைபெறவில்லை. 2000ஆம் ஆண்டில் வாஜா வந்தது, அப்போதும் விடைபெறவில்லை. தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறைகள் ஒரே கூடத்தில் விலைச்சீட்டு தாங்கி நின்ற காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். 2008 ஜனவரியில் முற்றிலும் புதிய சாகா அறிமுகமான பிறகே அந்தப் பழைய உடலுக்கு ஓய்வு கிட்டியது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தென்னாப்பிரிக்காவில் வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் முதல் தலைமுறைக் கோல்ஃபை, 'சிட்டி கோல்ஃப்' என்னும் பெயரில் 1984 முதல் 2009 வரை விற்றது. அதே காலத்தில் பின்வந்த தலைமுறைகளும் அங்கே விலைபோயின. பிரேசிலில் ஃபியட் நிறுவனம் 2010இல் புதிய ஊனோவைக் கொணர்ந்த பின்னரும் பழைய ஊனோவை 'மில்லே' என்ற பெயரில் விற்றுவந்தது. இந்தியாவில் ஆல்டோ 2000இல் வந்தபோதிலும், 1983இல் பிறந்த மாருதி 800 மேலும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தது.

காரணத்தை அறிவது கடினமன்று. மகிழுந்தின் உடல் தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகளைச் செய்வதற்குப் பெருந்தொகை செலவாகும். ஐந்தாறு ஆண்டு விற்பனையில் அத்தொகை மீண்டுவிடுகிறது. அதன் பின்னர் அதே அச்சில் பிறக்கும் ஒவ்வொரு வண்டியும் ஆக்குவோனுக்கு மலிவானது. தொழிலாளர் கைகள் அவ்வேலையில் பழகிவிட்டன. உதிரிப் பாகங்கள் ஊர்தோறும் கிடைக்கின்றன. பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே பழுது பார்ப்பார். வாடகை மகிழுந்து ஓட்டுநர்கள் ஈஸ்வராவை அத்தனை காலம் கைவிடாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம். வருவாய் குறைந்தவனும் நான்கு சக்கரத்தில் குடும்பத்தை அமர்த்தலாம் என்றால் அதில் தவறு என்ன? நெடுங்காலம் நானும் இவ்வாறே எண்ணியிருந்தேன். எளியோர்க்குச் செய்யும் ஓர் உதவியாகவே அது எனக்குத் தோன்றியது.

2016ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த ஒரு சோதனையின் படக்காட்சி அந்த எண்ணத்தைக் குலைத்தது. நிசான் நிறுவனம் மெக்சிகோவில் சூரு என்னும் மகிழுந்தை விற்றுவந்தது. 1990களின் தொடக்கத்தில் பிறந்த வடிவம் அது. அமெரிக்காவில் அவ்வடிவத்தின் இடத்தைப் புதியது எப்போதோ பிடித்துவிட்டது. மெக்சிகோவில் மட்டும் புதிய வகைகளோடு அதுவும் விற்பனையில் இருந்தது. காற்றுப்பை கிடையாது. 2013இல் இலத்தீன் அமெரிக்க மதிப்பீட்டுக் குழுவினர் அதனை மோதவிட்டுப் பார்த்து, ஒரு நட்சத்திரமும் வழங்க மறுத்தனர். பின்னர் 2016இல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அமைந்த ஆய்வுக் கூடத்தில், மெக்சிகோவில் விற்கப்படும் சூருவையும் அமெரிக்காவில் விற்கப்படும் வெர்சாவையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்தனர். இரண்டும் அந்தந்த நாட்டில் அந்நிறுவனம் விற்ற மலிவான மகிழுந்துகள். இரண்டுமே மெக்சிகோவில் செய்யப்பட்டவை.

மோதிய கணத்தில் வெர்சாவின் முகப்பு நொறுங்கியது, உள்ளறை அசையவில்லை, காற்றுப்பைகள் விரிந்து ஓட்டுநர் பொம்மையைத் தாங்கிக்கொண்டன. சூருவின் உள்ளறையோ காகிதப் பெட்டியாய் மடங்கியது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பொம்மைக்குப் பதில் ஒரு மனிதன் இருந்திருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்பதே ஆய்வாளர் முடிவு. அடுத்த ஆண்டு மே மாதத்துடன் சூருவின் உற்பத்தி நிறுத்தப்படும் என அந்நாள்களிலேயே அறிவிப்பும் வந்தது.

அக்காட்சியை நான் மும்முறை பார்த்தேன். என்னை உறுத்தியது சூரு நொறுங்கியது மட்டுமன்று. 1990களின் வடிவம் அவ்வாறு நொறுங்குவது வியப்பில்லை. அக்காலத்தில் அதனை ஆக்கியவர்கள் தாம் அறிந்த அளவில் நல்லதையே ஆக்கியிருக்கலாம். அவர்மீது குறை காண நான் முற்படமாட்டேன். ஆனால், எதிரே வந்த வண்டியையும் அதே நிறுவனமன்றோ ஆக்கியது? எந்தத் தூணை வலுப்படுத்த வேண்டும், எந்தப் பகுதியை நொறுங்க விட வேண்டும், பை எங்கே விரிய வேண்டும் என்பனவற்றையெல்லாம் அறிந்துதான் அதனை ஆக்கியது. புதியது பிறந்த நாளிலிருந்து பழையதற்கு எதிரான சாட்சியாக அதுவே நிற்கிறது. அதுவரை அறியாமை என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. அதற்குப் பின் விற்பது, அறிந்து விற்பது. பொருள் மாறவில்லை, விற்பவனின் நிலை மாறிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விலைக்கேற்ப ஏறவும் இறங்கவும் தக்கவை சில உண்டு. தோல் உறை இருக்கை, தானே இறங்கும் கண்ணாடி, வானொலிப் பெட்டி ஆகியவை இல்லாத மகிழுந்தை எளியவனுக்கு விற்பதில் அறக்கேடு எதுவுமில்லை. என் ஈஸ்வராவின் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்கினேன்; அதனால் என் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால், மோதலில் நெஞ்செலும்பு முறியுமா முறியாதா என்பதும் அவ்வகையைச் சேர்ந்ததா? வாங்குபவனின் பணப்பையை அளந்து அவன் எலும்பின் மதிப்பை வரையறுக்கலாமா? 2010 ஏப்ரலில் இந்தியாவின் பதின்மூன்று பெருநகரங்களில் புகைக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. மாருதி 800 அந்நகரங்களின் விற்பனையிலிருந்து விலகிக்கொண்டது. சிற்றூர்களில் மேலும் நான்காண்டுகள் விற்பனையில் இருந்தது. சட்டம் அதற்கு இடம் தந்தது, உண்மைதான். நகரத்தான் மூச்சுக்கு ஆகாத புகை நாட்டுப்புறத்தான் மூச்சுக்கு ஆகும் என்று எந்த மருத்துவன் சொன்னான் என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை.

சட்டம் எப்போதும் பின்னால்தான் வருகிறது. பிரேசிலில் மில்லே 2013இன் இறுதியில் மறைந்தது. 2014 முதல் விற்கப்படும் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் காற்றுப்பை வேண்டும் என்ற விதி வந்ததே காரணம். சட்டம் நெருங்கும் வரை பொறுத்திருந்த மனச்சான்றை மனச்சான்று என்பதா? திருவள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், அதுவும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்ததை நம் மாணவர்க்குச் சொல்லும்போது, ஏன் அங்கே வைத்தார் என்று கேட்கும் மாணவன் அரிதாகவே கிடைக்கிறான். பிறர் பொருளையும் தன் பொருளைப் போல் பேணுவதுதான் வணிகம் என்பது அக்குறளின் கருத்து. தன் வீட்டார் அமர்வதற்கென ஆக்குவோன் எதைத் தெரிந்தெடுப்பான் என்று கேட்டுவிட்டால் அக்குறளுக்கு வேறு உரை தேவையில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2011இல் புதிய பாடத்திட்டமாகிய கே.எஸ்.எஸ்.ஆர். முதலாம் ஆண்டு மாணவர்க்கு வந்தது. முன்னரே பள்ளியில் இருந்தோர் பழைய திட்டத்திலேயே பயின்று, அவருள் இறுதி அணியினர் 2015இல் வெளியேறினர். அப்போது துணைத் தலைமையாசிரியராக இருந்த என்னிடம் ஒரு தாய் வந்து, "ஐயா, புதியதுதான் நல்லது என்கிறீர்கள். அப்படியானால் என் பெரிய பிள்ளைக்கு மட்டும் ஏன் பழையது?" என்று கேட்டார். பாதி வழி கடந்த மாணவனைப் பாதை மாற்றினால் இரண்டும் கெடும் என விளக்கினேன். விளக்கம் சரியானதே. ஆயினும் அன்றிரவு அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. சரியான விளக்கம் கைவசம் இருக்கும் போது, கேட்பவரின் முகத்தைப் பார்க்காமலே பேசிவிடுகிறோம்.

இனி, இவ்வளவும் சொன்ன நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் என் தமக்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தொழிற்சாலையில் வேலை, மனைவி, எட்டு மாதக் குழந்தை. மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்திறங்கியதை வாசலில் நின்று பார்த்தேன். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பது பள்ளிச் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நானே ஆண்டுதோறும் சொல்லும் செய்தி. என் வீட்டு முன்றிலில் புதிய மகிழுந்துக்குப் பின்னால், இருபத்தோராண்டு முதிர்ந்த ஈஸ்வரா நின்றது. அவன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாமா, இதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன்" என்றான்.

அந்த இடம் காலியாக வேண்டும் என்று என் மனைவி ஓராண்டாகச் சொல்லிவந்தார். எனவே என் பக்கத்திலும் ஒரு நலம் இருந்தது; மறைப்பானேன்? அந்த நொடியில் நான் பழையதை விற்பவன் ஆனேன். விற்பனைக் கூடத்தில் எவரும் கேட்காமல் எவரும் சொல்லாததை நான் சொல்வதென்று முடிவு செய்தேன். காற்றுப்பை இல்லை என்றேன். மோதினால் முன்பக்கம் எப்படி மடங்கும் என்பதைக் கையால் காட்டினேன். மெக்சிகோக் காட்சியையும் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். அவன் பொறுமையாகப் பார்த்தான். பிறகு தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு, "மோட்டார் சைக்கிளில் காற்றுப்பை இருக்கிறதா, மாமா?" என்றான்.

எனக்கு மறுமொழி இல்லை. இதே சொல்லைத்தான் ஆக்குவோரும் தம் தரப்பு நியாயமாகச் சொல்கின்றனர். பழையதை நிறுத்தினால் எளியவன் இரு சக்கரத்துக்குப் போவான் என்கின்றனர். அவர்கள் சொன்னபோது எனக்குச் சினம் வந்தது. இவன் சொன்னபோது வரவில்லை. தன் குழந்தைக்காகக் குறைந்த தீமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. அவன் வறுமையைத் தன் பொருளுக்குச் சான்றிதழாக்கும் உரிமை விற்பவனுக்கு இல்லை. இரண்டும் ஒரே சொற்களாய் இருப்பதுதான் என்னைக் குழப்புகிறது. அவன் அதைச் சொல்லாதிருந்தால், நானே சொல்லியிருப்பேனோ என்ற ஐயமும் இருக்கிறது.

பணம் வேண்டாம் என்று கூறிச் சாவியைக் கொடுத்தேன். அவன் மனைவி குழந்தையுடன் பின்னிருக்கையில் அமர்ந்தாள். மோட்டார் சைக்கிளை மறுநாள் வந்து எடுத்துச் செல்வதாகச் சொன்னான். ஈஸ்வரா முதல் முயற்சியிலேயே உறுமிக் கிளம்பியது. சாலை முனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு ஒன்பது மணிக்கு, பத்திரமாய் வீடு சேர்ந்துவிட்டதாக அவன் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் உணவுக்கு உட்கார்ந்தேன்.