அடுப்புக் கரியும் துருவப் பனியும்

குருமட மாணவராய் இருந்த நாளில் நமக்கொரு ஐயம் எழுந்தது. ஐரோப்பியக் குருக்கள் கறுப்பு அங்கி அணிய, நம் நாட்டில் மட்டும் வெள்ளை அங்கி எதற்கு? முதிய பேராசிரியர் ஒருவரிடம் கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஒரு கறுப்புக் குடையையும் ஒரு வெள்ளைத் துண்டையும் முற்றத்து வெயிலில் விரித்துவைக்கச் சொல்லி, அரைமணி கழித்து இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ‘நிறத்தின் இறையியல்’ என்று அவர் கேலியாகக் குறிப்பிட்ட அப்பாடம் அன்றே நமக்கு விளங்கிவிட்டது.

அதே பாடம் இன்று வடதுருவத்தில் பேரளவில் நடந்துகொண்டிருக்கிறது. புதிதாய்ப் பெய்த வெண்பனி தன்மேல் விழும் கதிரொளியில் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் வானுக்கே திருப்பி அனுப்பிவிடும். அதன்மேல் புகைக்கரி தூசாய்ப் படிந்தால், பனி வெப்பத்தை விழுங்கி உருகத் தொடங்குகிறது. உருகிய இடத்தில் வெளிப்படும் இருண்ட கடல் இன்னும் மிகுதியாய் விழுங்குகிறது. 1979 முதல் வடதுருவ வட்டாரம் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் வெப்பமடைந்துள்ளதென 2022இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. கிரீன்லாந்து நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகினால் அந்நீர் கடலைச் சேரும்; கடல்மட்டம் உயரும். கடல் அரிப்புக்கு அஞ்சித் தூண்டில் வளைவு கேட்டு மனு எழுதும் நம் கடலோர ஊர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று.

இவ்வெப்பத்துக்குத் தலையாய காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமிலவாயு. அதில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வளிமண்டலத்தில் தங்கும். அதற்குத் துணைநிற்கும் வேறு சில மாசுகளோ குறுகிய ஆயுள் உடையவை. புகைக்கரி சில நாள்களில், மிஞ்சினால் இரு வாரத்தில், காற்றிலிருந்து இறங்கிவிடும். வயற்சேற்றிலும் மாட்டின் வயிற்றிலும் குப்பை மேட்டிலும் பிறக்கும் மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கும். இவ்விரண்டையும் குறைக்கும் 16 வழிகளை உலகம் முழுதும் கைக்கொண்டால், 2040ஆம் ஆண்டளவில் வடதுருவம் அடையவிருக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 0.7 பாகை செல்சியசைத் தவிர்க்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் உலக வானிலை அமைப்பும் 2011இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. கரியமிலவாயுவைக் குறைப்பதற்கு இது மாற்று அன்று என்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஆயினும், தவற்றைத் திருத்தியவரே தம் வாழ்நாளில் அதன் பயனைக் காண்பது இத்துறையில் அரிது. அறநூல் கற்ற நம்மை ஈர்த்தது இதுவே.

நம் ஊர்ப் புகை அவ்வளவு தொலைவு செல்லுமா? நேர்மையாய்ச் சொன்னால், வடதுருவப் பனிமேல் படியும் கரியில் பெரும்பகுதி வடக்கிலுள்ள நாடுகளினின்று செல்வது. 1999இல் மாலத்தீவை மையமாகக் கொண்டு, தமிழரான வீரபத்ரன் இராமநாதனும் நொபெல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமைதாங்கிய பன்னாட்டு ஆய்வு, குளிர்காலத்தில் தெற்காசியாவின் புகை இந்துமாக்கடல்மேல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம்வரை பழுப்புப் படலமாய்க் கிடப்பதைக் கண்டது. வடஇந்தியச் சமவெளியின் கரி, மூன்றாம் துருவம் எனப்படும் இமயப் பனிமேல் படிகிறது. மீத்தேனுக்கோ எல்லைக்கல் இல்லை. உலகக் காற்றெங்கும் அது கலந்துவிடும். கும்பப்பூ நடவு முடிந்த நாஞ்சில் வயலில் எழும் குமிழியும் துருவத்தை வெதுப்பத் தன் பங்கைத் தருகிறது.

அப்படியானால் அவ்வுழவரும், அடுப்பூதும் தாயும் குற்றவாளிகளா? இக்கேள்விக்கு அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இலேயே விடையளித்தனர். பிழைப்புக்காக எழும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக எழும் வாயுவையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று என்றனர். அதை நாம் முற்றும் ஏற்கிறோம். ஆனால் அத்தோடு நின்றுவிட நம் மனம் ஒப்பவில்லை. அடுப்புப் புகை வானுக்கு ஏறுமுன் அத்தாயின் நுரையீரலுக்குள் அல்லவா செல்கிறது! திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலும் ஏழைகளை நோயுறச் செய்யும் சமையற் புகையைக் குறிப்பிடுகிறது. அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அருகிருப்போர் அதில் முற்பட்டோர் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. அவ்வொழுங்கின்படி நாம் துருவத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. அடுப்படியில் தொடங்கினால் போதும். துருவத்துக்கு உரியதும் அதிலேயே சேர்ந்துவிடும்.

இதற்குச் சான்றாக நாம் நினைப்பது ஒரு குருவின் வாழ்வு. பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு ஹென்றி டி லொலானியே 1961 முதல் மடகாஸ்கரில் ஏழை உழவரோடு வாழ்ந்தார். இளநாற்றை ஒற்றையாய், இடைவெளிவிட்டு நட்டு, வயலில் நீரைத் தேக்காமல் ஈரம் மட்டும் காக்கும் முறையை 1983இல் அவர் கண்டறிந்தார். தமிழகத்தில் ‘திருந்திய நெல் சாகுபடி’ என வழங்குவது அதுவே. அவர் எண்ணியது பசித்தோரின் விளைச்சலை மட்டுமே, துருவத்தை அன்று. ஆயினும் சேற்றுக்குள் காற்றுப் புகுந்தால் மீத்தேன் பெருமளவு குறைகிறது. நம் முன்னோர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றதும் ஏறத்தாழ இதைத்தான். ஆனால் காயவிட்ட வயலுக்கு மீண்டும் பாய்ச்ச உரிய நாளில் நீர் வரவேண்டுமே! பேச்சிப்பாறைத் தண்ணீர் எப்போது வருமென்று அறியாத கடைமடை உழவர், வந்ததைத் தேக்கத்தான் செய்வார். அவரைக் குறைகூறுமுன் கால்வாயைத் தூர்வார வேண்டும்.

2030க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்போம் என்று 2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் உறுதி பூண்டன. இந்தியா ஒப்பமிடவில்லை, சிறு உழவரின் வாழ்வாதாரத்தைக் காரணம் காட்டிற்று. அக்காரணம் பொய்யன்று. ஆனால் நம் நகரங்களின் குப்பைக் கிடங்குகள் எந்தச் சிறு உழவருடையவை? நாகர்கோவில் வலம்புரிவிளையில் கிடங்கு தீப்பற்றிய நாள்களில் மூச்சுத் திணறியோரைக் கேட்டால் தெரியும். செல்வ நாடுகள் தம் புகைபோக்கிகளை மறைக்க ஏழையின் அடுப்பைச் சுட்டுகின்றன. நாமோ நம் குப்பை மேட்டை மறைக்க அதே ஏழையை முன்னே நிறுத்துகிறோம். பிறரைச் சொல்வானேன்? பங்கு இல்லத்தின் பின்புறம் தென்னோலைச் சருகோடு நெகிழிப் பைகளையும் சேர்த்துச் சனிதோறும் எரிக்க விட்டுப் பல்லாண்டு பார்த்திருந்தவர் நாமே. அண்டை வீட்டுக் குழந்தையின் இருமல் நம் காதில் விழுந்த பிறகே அதை நிறுத்தினோம். துருவத்தைப் பற்றி அதற்கு முன்பே நிறைய வாசித்திருந்தோம் என்பதுதான் வெட்கம்.

சென்ற ஆண்டு வீடு சந்திப்பின்போது, கடலோரத்தில் ஒரு மூதாட்டியின் குடிலுக்குச் சென்றோம். உள்ளே அரசுத் திட்டத்தில் கிடைத்த எரிவாயு அடுப்பு துணி போர்த்தி இருந்தது. அவர் வெளியே மூன்று கல் கூட்டி, கொதும்பும் மட்டையும் எரித்து மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். கேஸ் இருக்க ஏன் அம்மா இந்தப் பாடு என்றோம்.

“கேஸ் உண்டும் சாமி. தீந்தா மாத்த பைசா வேணும்லா? விருந்தாள் வந்தா மட்டும் பத்த வைப்பேன்” என்றார்.

உருளையின் விலையை எண்ணிப் பார்த்து நாம் பேசாதிருந்தோம். அதற்குள் காற்று திரும்பியது. “சாமி மேல புகை அடிக்கும், இந்தப் பக்கம் இருங்க” என்று எழுந்து, நம் நாற்காலியைக் காற்று வரும் பக்கமாய் நகர்த்திப் போட்டுவிட்டு, அவர் மீண்டும் புகைக்குள்ளேயே போய்க் குந்திக்கொண்டார்.