பிறர் ஹக்கு

"மெதுவாகத்தானே காரோட்டுகிறோம், இன்ஷூரன்ஸ் எதற்கு?" என்கின்றனர் நம்மில் சிலர். 1988-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியுள்ளது. மீறினால், முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இது சிறிது. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால்? இழப்பீட்டை உரிமையாளரே வீட்டை விற்றேனும் கட்ட வேண்டும். வழியில்லையேல் எத்தீம்களின் ஹக்கு நம் கழுத்தில்!

தவறுதலாகக் கொன்றவர் மீதும் தியத் உண்டென்பது சூரத்துன்னிஸா 92-வது ஆயத்தின் சட்டம். அடியார்களின் ஹக்கை உரியவர்களே மன்னிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கூடாதென்னும் உலமாக்களில் பலரும், சட்டம் வற்புறுத்தும் அளவை நிர்ப்பந்தமெனக் கருதி அனுமதித்துள்ளனர். எனவே, பாலிஸியின் தேதியை இன்றே பாருங்கள். பிறர் ஹக்கைச் சுமந்து செல்வதிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.