புளித்த கூழின் பலன்

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடை வெள்ளை அரிசியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் தானியத்தில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. கேழ்வரகில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் முதல்நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும் பழக்கம் உதவுகிறது. இரவு முழுக்கப் புளிக்கையில் நொதிகள் அந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவிலும் இது நடக்கும்.

காலையில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாது, அதுதான் பதம். ஆறியதும் மோர் விட்டுக் கரைத்தால், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கூழும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

ராகி பிஸ்கட் கூழுக்கு ஈடு என்று நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. பல பொட்டலங்களில் அந்த இடத்தில் மைதாவோ கோதுமை மாவோதான் இருக்கும்.

கூழ் குடித்த கையோடு டீ வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்புச் சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.